நீட்டிக்கப்பட்டது திட்டம், தொழிலாளியின் 90 நாள் அல்ல

இந்தியாவில் வேலையிழப்பு உதவித்தொகை பற்றிய அறிவிப்புகளில் ‘நீட்டிப்பு’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. நீட்டிக்கப்படுவது எது என்பதே கேள்வி.

இ.எஸ்.ஐ. கழகத்தின் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ 2018 ஜூலையில் ஈராண்டுச் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி நாளூதியத்தில் 25 விழுக்காடு. அதிகபட்சம் 90 நாள். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. பெருந்தொற்று வந்ததும், 2020இல் அது 50 விழுக்காடாக உயர்ந்தது. அதன்பின் திட்டத்தின் முடிவுத் தேதி மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. 90 நாள் மட்டும் நகரவில்லை. இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பான 21,000 ரூபாயை மாதந்தோறும் பெற்றுவந்தவருக்குக்கூட மொத்தத்தில் ஏறத்தாழ 31,000 ரூபாயே கிடைக்கும்.

நீண்டகால உதவி இயலாத ஒன்றா? அதே கழகம் 2005 முதல் ‘ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா’வை நடத்திவருகிறது. ஆறு மாத உதவியாகத் தொடங்கிய அது படிப்படியாக 24 மாதங்களாக வளர்ந்தது: முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதம் 25 விழுக்காடு. ஆனால் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலையிழந்தவருக்கே அது உரியது.

சூது இங்கேதான் இருக்கிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பே அன்று. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் குறித்தகாலப் பணியாளரை அவ்வாறே விலக்கிவைக்கிறது. நிரந்தரப் பணி அருகிவரும் நாட்டில் 24 மாத உதவி நிரந்தரத் தொழிலாளிக்கு; பெருகிவரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு 90 நாள். இருவரும் ஒரே விகிதத்தில் சந்தா செலுத்தியவர்கள். இருவர் வீட்டிலும் அடுப்பு ஒரே காரணத்தால்தான் அணைகிறது.

‘நிதி எங்கே?’ என்று கேட்போர் ஒன்றை நினைவுகூர வேண்டும். 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. சந்தா 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முதலாளியின் பங்கு மட்டும் 4.75இலிருந்து 3.25 ஆயிற்று. முதலாளிக்குச் சலுகை தருகையில் எழாத நிதிக் கவலை, வேலையிழந்தவர் நான்காம் மாதம் கையேந்தும்போது மட்டும் எழுவது ஏன்?

‘உதவி நீண்டால் சோம்பல் வளரும்’ என்பது மற்றொரு வாதம். உழைத்துச் சந்தா செலுத்தியவரே இதைப் பெற முடியும். பெறுவதும் பாதி ஊதியமே. பாதி ஊதியத்திற்காக முழு ஊதியத்தை வெறுப்பவர் எவர்? சந்தைப் பொருளாதாரத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, ஒரு மாநிலத்தில் வேலையின்மை கடுமையாகும்போது உதவிக்காலம் கூடுதலாக 13 வாரம் நீள 1970ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது.

அரசமைப்பின் 41ஆம் கூறு, அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, வேலையின்மையின்போது பொது உதவி பெறும் உரிமையைக் குறிப்பிடுகிறது. அது சோதனைத் திட்டமாக அலையக் கூடாது. காலக்கெடு அற்ற சட்ட உரிமை; வேலை பறிபோன விதத்தைப் பார்க்காத ஒரே அளவுகோல்; புதிய சந்தாவுக்குப் புதிய தகுதி; வேலையின்மை மிகும்போது தானே நீளும் காலம் — இவை நான்கும் இல்லாத நீட்டிப்பு, கோப்பின் ஆயுளை மட்டுமே நீட்டிக்கும்.