கருந்துளையின் உள்ளே யாது உளது?

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஆயினும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் அடி தட்டுப்படும், கயிறும் திரும்பும். கருந்துளையில் இறக்கும் கயிறோ மீளாது. ஒளியே மீளாத இடத்தில் கயிறு எம்மாத்திரம்?

நமது பூமியைத் திணிவு குறையாமல் 9 மில்லிமீற்றர் ஆரையுள்ள ஒரு போளை அளவுக்கு நசுக்கினால் அதுவும் கருந்துளையாகிவிடும். உள்ளே அப்பொருள் எங்கே கிடக்கும் என்று மாணவர் வினவலாம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை தரும் விடை விந்தையானது. மீளா எல்லையைக் கடந்தபின் மையம் ஓர் இடமன்று. வரப்போகும் ஒரு கணம். ஞாயிறன்று இருப்பவர் திங்கட்கிழமையைச் சுற்றிக்கொண்டு போக இயலுமோ? (பள்ளிப் பிள்ளைகள் இதனை நன்கறிவர்.) பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளை ஏறத்தாழ 40 இலட்சம் சூரியத் திணிவுடையது. சுழற்சியை விட்டுக் கணித்தால், அதன் எல்லையைத் தாண்டியவருக்கு எஞ்சுவது ஏறக்குறைய ஒரு நிமிடமே.

அந்நிமிடத்தின் முடிவில் நிகழ்வது யாது? ஈர்ப்பினால் பொருள்களின் பாதைகள் எவ்வாறு குவிகின்றன என்பதைக் காட்டும் சமன்பாட்டைக் கல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்டார். அவ்வழியிற் சென்ற றோஜர் பென்றோஸ், உள்ளே பாதைகள் அறுந்தே தீரும் என 1965இல் நிறுவினார். பென்றோஸ் 2020இல் நோபல் பரிசு பெற்றபோது ராய்சௌதுரி மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மையத்தில் அடர்த்தி முடிவிலி என்று சொல்லி அமைவது நமக்கு உடன்பாடன்று. அவ்விடத்திற் கணக்கே பயன்படாது போயிற்று எனக் கொள்வதே தகும். நுண்துகள்களின் குவாண்டம் விதிகளையும் ஈர்ப்பையும் இணைக்கும் கொள்கை இன்னும் கைகூடவில்லை. ஆதலின் மையத்தைத் தீட்டிக் காட்டும் படங்கள் யாவும் ஓவியரின் கற்பனையே.