பீரிலும் பழைய சரக்கா?

“புது வரவு” என்று அட்டையில் பெரிசாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அட்டை புதுசுதான். பாட்டில்?

அமெரிக்க நகரங்களில் பீர் கடைக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் பலருக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த சிலர் வாய் திறப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடி நல்லது என்று இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. குடிக்காமல் இருப்பவனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் இது சட்டப்படி நடக்கிற வியாபாரம். வரி கட்டிய சரக்கு. வாங்குகிறவன் கொடுப்பதும் எண்ணிக் கொடுத்த காசு. அவன் தலையில் பழசைப் புதுசு என்று கட்டலாமா? கத்திரிக்காய் வாங்குகிறவர்கள்கூட அழுத்திப் பார்த்துத்தானே கூடையில் போடுகிறார்கள்!

சின்ன ஆலைகள்

அமெரிக்காவில் 1970களின் கடைசியில் பீர் ஆலைகள் மொத்தம் 100கூட இல்லை. பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் ராஜ்யம். எந்த ஊரில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே ருசி.

1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டிலேயே சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிக்க இருந்த தடை அதோடு போச்சு. சமையலறை அடுப்பில் தொழில் கற்றவர்கள் பலர் பிறகு சொந்தமாக ஆலை போட்டார்கள். 2024 கணக்குப்படி அங்கே பீர் ஆலைகள் 9,000-க்கும் மேல். இவற்றில் மிகப் பெரும்பாலானவை சின்ன ஆலைகள். இவர்கள் போடுவதைத்தான் ‘கிராஃப்ட் பீர்’ என்கிறார்கள்.

விளம்பரத்துக்குக் கொட்ட இவர்களிடம் கோடி கோடியாகப் பணம் இல்லை. ருசிதான் இவர்களுடைய முதல். ஹாப்ஸ் என்ற பூவை அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். மூடியைத் திறந்தால் ஆரஞ்சுத் தோல், மாம்பழம், மரப்பிசின் என்று மணம் தூக்குகிறது. நான்கு கேன் கொண்ட ஒரு கட்டு பல ஊர்களில் 16, 18 டாலர் என்று விலை போகிறது. அந்த விலை அந்த மணத்துக்குத்தான்.

இந்த வகையில் பேர் போனது ‘இந்தியா பேல் ஏல்’. சுருக்கமாக ஐ.பி.ஏ. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பீரின் பெயர் அது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்த சரக்கின் பெயரைச் சூட்டிக்கொண்ட பீர், இன்றைக்குச் சில மாதம்கூடத் தாங்கமாட்டேன் என்கிறது. வேடிக்கைதான்!

கெடுப்பது எது?

பதநீரை விடியற்காலையில் குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் அது வேறு சரக்கு. பீர் அவ்வளவு அவசரக்காரன் இல்லை என்றாலும், குணம் கிட்டத்தட்ட அதேதான்.

முதல் எதிரி காற்று. என்னதான் இறுக்கி மூடினாலும் துளி காற்று உள்ளே தங்கிவிடும். அது ஹாப்ஸ் மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மாம்பழ வாசனை போய், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பழைய பீரை வாயில் வைத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் வார்த்தை, “அட்டை மாதிரி இருக்கு.”

இரண்டாவது, வெளிச்சம். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து கெட்ட நாற்றமுள்ள ஒரு கந்தகப் பொருளாக மாறுகிறது. அமெரிக்கக் காடுகளில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. துரத்தினால் பின்பக்கத்திலிருந்து நாற்றத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். ஏறக்குறைய அதே நாற்றம்! நல்ல வெயில் என்றால் இதற்குச் சில நிமிஷமே போதும். பழுப்புக் கண்ணாடி பாட்டில் பெரும்பாலும் காப்பாற்றும். பச்சையும் வெள்ளையும் காப்பாற்றாது. கேனுக்குள் வெளிச்சம் போகவே வழியில்லை. 2002-ல் கொலராடோவில் ஒரு சின்ன ஆலை தன் பீரைக் கேனில் அடைத்தபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று கிராஃப்ட் பீர் கடைகளில் எங்கே பார்த்தாலும் கேன்தான்.

மூன்றாவது எதிரிதான் பெரிய எதிரி. சூடு.

பீர் தொழிலில் 3, 30, 300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சுமார் 32 டிகிரி சூட்டில் 3 நாள் கிடந்தாலும், 22 டிகிரியில் 30 நாள் கிடந்தாலும், 3 டிகிரி குளிரில் 300 நாள் கிடந்தாலும் பீருக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய ஒன்றே என்பது அதன் பொருள். தராசில் நிறுத்த மாதிரி அச்சாக இருக்காது. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் நம்பி நடக்கிற கணக்கு.

அப்படியானால் தேதி மட்டும் தெரிந்தால் போதாது. கோடையில் லாரியிலும் கிடங்கிலும் மூன்று நாள் வெந்த பீர், அடைத்து ஒரு வாரம்தான் ஆச்சு என்றாலும் கிழவன்தான். ஐஸ்பெட்டியிலேயே இருந்த பீர் மூன்று மாதம் கழித்தும் ஓரளவு இளமையாக இருக்கும்.

கடைக்குள் நடப்பதைப் பாருங்கள். அழகுக்காக ஜன்னல் ஓரம் அடுக்குகிறார்கள். குளிர்பெட்டியில் இடம் பெரிய கம்பெனிகளுக்கு. சின்ன ஆலைக்காரனின் ஒற்றை பாட்டில்கள் விளக்குக்குக் கீழே, சாதாரண அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கின்றன. வாங்க வருகிறவர் “இது எப்போ வந்துச்சு?” என்று கேட்டால், “போன வாரம்தான் வந்துச்சு, புதுசு!” என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது பொய் இல்லை. கடைக்குப் போன வாரம் வந்தது. கிடங்குக்கு எப்போது வந்தது? ஆலையில் எப்போது அடைத்தார்கள்? அதை அவரும் பார்க்கவில்லை.

எல்லாப் பீருக்கும் இந்த விதி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். போதை அதிகமுள்ள கறுப்பு ஸ்டவுட், பார்லி ஒயின், பெல்ஜியத்துப் புளிப்பு பீர்களில் சில, வருஷக்கணக்கில் வைத்தாலும் பக்குவப்படும். ஊறுகாய் மாதிரி. ஊறுகாய்க்குச் செல்லுவது மோருக்குச் செல்லாது. “பீர் வைக்க வைக்க நல்லதுதான் சார்” என்று ஐ.பி.ஏ.யையும் சேர்த்து விற்கிற கடைக்காரர்களிடம் உஷாராக இருக்க வேண்டியது இங்கேதான்.

தேதி எங்கே?

சரி, பாட்டிலில் தேதி பார்த்து வாங்கலாமே என்றால், அங்கேதான் இடிக்கிறது.

நம் நாட்டில் பீர் பாட்டிலில் தயாரிப்புத் தேதி போட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் மத்திய சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பீருக்கு என்றில்லை, கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்மாவு ஒன்றுக்குத்தான் அங்கே மத்திய சட்டப்படி தேதி கட்டாயம். நிலாவுக்கு ஆளை அனுப்பிய நாட்டில்!

காரணம் இருக்கிறது. பழைய பீர் விஷம் இல்லை. அதிலுள்ள போதையும் புளிப்பும் ஹாப்ஸும் நோய்க் கிருமிகளை வளர விடுவதில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாததால் அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. ஆள் சாக மாட்டான், வாஸ்தவம். காசு போகிறதே?

சட்டம் கேட்காவிட்டாலும் பல ஆலைகள் தாமாகவே தேதி போடுகின்றன. போடுகிற விதம்தான் விசித்திரம். சிலர் கேனின் அடியில் போடுகிறார்கள். சிலர் பாட்டில் கழுத்தில் கறுப்பு மையில், பழுப்புக் கண்ணாடிமேல் கண்ணுக்கே தெரியாதபடி போடுகிறார்கள். இன்னும் சிலர் வெறும் ‘145’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வருஷத்தின் 145-வது நாள் என்று அர்த்தமாம். அதாவது மே 25. சாயங்காலம் வேலை முடிந்து வருகிற மனுஷன் கடையில் நின்று விரல்விட்டு எண்ண முடியுமா?

‘இந்தத் தேதிக்குள் குடிக்கவும்’ என்று போடுவதிலும் சூட்சுமம் உண்டு. அந்தக் கெடுவை வைப்பது யார்? ஆலைக்காரர்தான். ஒருவர் 90 நாள் என்கிறார், இன்னொருவர் 180 நாள் என்கிறார். ஒரே மாதிரிப் பீருக்கு! கெடுத் தேதியைவிட, அடைத்த தேதியைப் போடுவதே நேர்மையான வழி. எத்தனை நாள் பழசு வேண்டும் என்பதை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்.

நல்லபடியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜிம் காக் என்பவர் 1984-ல் தொடங்கிய பாஸ்டன் பீர் கம்பெனி, ‘சாமுவேல் ஆடம்ஸ்’ பாட்டிலில் படிக்கிற மாதிரித் தேதி போட்டது. கெடு தாண்டிய பீரை ஏஜெண்டுகளிடமிருந்து திரும்ப எடுத்து அழித்துவிடுவதும் அந்தக் கம்பெனியின் வழக்கம். நஷ்டத்தில் ஒரு பங்கையும் அதுவே ஏற்கிறது. சின்னவர்கள் கிளப்பிய இந்தப் பேச்சு பெரியவர்களையும் எட்டியது. 1996-ல் பட்வைசர் பாட்டிலில் ‘பிறந்த தேதி’ வந்தது. 110 நாளுக்குள் குடித்தால்தான் சரியான ருசி என்று விளம்பரமும் செய்தார்கள்.

கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2012-ல் ஒரு படி மேலே போனது. குடிக்க வேண்டிய கடைசித் தேதியையே பீரின் பெயராக வைத்துவிட்டது! ஆலையிலிருந்து கெடு வரை சுமார் ஐந்து வாரம்தான். பெயரே தேதி என்றால் யாரால் மறைக்க முடியும்? சபாஷ் போட வேண்டிய யோசனை. அதே மாநிலத்தில் ரஷ்யன் ரிவர் என்ற ஆலை, ‘பிளினி தி எல்டர்’ என்ற தன் பீரின் லேபிளில், சேர்த்து வைக்காதீர்கள், புதுசாகக் குடியுங்கள் என்று கெஞ்சாத குறையாக அச்சடித்திருக்கிறது.

யார் தலையில் விடிகிறது?

1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது அமெரிக்க மாநிலங்கள் வியாபாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தன. தயாரிப்பவர் ஒருவர், மொத்த ஏஜெண்டு ஒருவர், சில்லறைக் கடைக்காரர் ஒருவர். ஒருவர் மற்றவரின் தொழிலில் கை வைக்க எளிதில் முடியாது. பெரிய ஆலைகள் கடைகளைக் கைக்குள் போட்டுக்கொள்ளாமல் தடுக்க வந்த ஏற்பாடு இது. நல்ல நோக்கம்தான்.

ஆனால் பீர் கெட்டால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள். ஆலைக்காரர் ஏஜெண்டைக் காட்டுகிறார். ஏஜெண்டு கடைக்காரரைக் காட்டுகிறார். கடைக்காரர், “விற்காத சரக்கை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே” என்கிறார். அவர் புகாரிலும் உண்மை இருக்கிறது. விற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சரக்கைத் திருப்பி வாங்குவதை அங்கே மத்திய விதிகளே தடுக்கின்றன. ஆகஸ்டில் பூசணிக்காய் பீரை இறக்கிவிடுகிறார்கள். சீசன் முடிந்து தை மாதக் குளிரிலும் அது அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. மாசியில் விற்கிற பொங்கல் கரும்பு மாதிரி. யார் வாங்குவார்?

அடி கடைசியில் விழுவது சின்ன ஆலைமேல்தான். பேர் தெரியாத ஒரு ஆலையின் பீரை ஒருவர் முதன்முதலாக வாங்குகிறார். அது ஏழு மாதப் பழசு. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறார். கடையைத் திட்டுவதில்லை, லாரியைத் திட்டுவதில்லை. “இந்தக் கம்பெனி சரக்கே மோசம்” என்கிறார். மறுபடி தொடமாட்டார். ஆலையில் ராத்திரி பகலாக நின்றவன் செய்த தப்பு என்ன? 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த கிராஃப்ட் பீர் ஆலைகளைவிட மூடப்பட்டவை அதிகம். அதற்குப் பழைய சரக்கு மட்டும் காரணம் இல்லை. விலைவாசி இருக்கிறது, குடிப்பவர் குறைந்ததும் இருக்கிறது. ஆனால் தள்ளாடி நிற்கிறவனுக்கு இழந்த ஒவ்வொரு வாடிக்கையும் பெரிய அடி.

தேதி போடச் சொன்னால் கடைக்காரர்கள் ஒரு சங்கடத்தைச் சொல்கிறார்கள். “எல்லாரும் பின்னால் கையை விட்டுப் புதுசையே எடுப்பார்கள், முன்னால் இருப்பது தேங்கிவிடும்.” தேங்கட்டுமே! பழசுக்கு விலையைக் குறைத்து, பழசு என்று எழுதி வைத்து விற்கலாமே. முழு விலைக்குப் பழசை விற்பதுதான் தப்பு. தேதி அச்சடிக்கும் இயந்திரம் வாங்கக் காசில்லை என்கிற சின்ன ஆலைக்காரர்களும் உண்டு. ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். லேபிள் ஓரத்தில் மாதத்துக்கு ஒரு வெட்டு வெட்டி அடையாளம் காட்டிய ஆலைகள் உண்டு. மனசு இருந்தால் வழி கிடைக்கும். அடைத்த தேதியைப் படிக்கிற மாதிரிப் போட வேண்டும் என்று அமெரிக்க அரசு ஒரு வரிச் சட்டம் போட்டால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கட்டாயப்படுத்தாமலே அரசு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பழசாகிவிட்டது என்ற காரணத்துக்காகப் பீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், காசையும் திருப்பித் தரலாம் என்று 2017-ல் மத்திய மதுவரித் துறை விளக்கம் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, பீரின் தேதியைக் காட்டும் அடையாளம் பாட்டிலிலோ கேனிலோ இருக்க வேண்டும் என்பது. போட்டவர்களின் பழைய சரக்கு ஆலைக்குத் திரும்புகிறது. போடாதவர்களின் பாட்டில் அதே அலமாரியில், அதே விளக்குக்குக் கீழே, அதே முழு விலையில் நிற்கிறது.