வயதைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்

வீட்டில் 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். நீங்கள் கீழே, சுழியம் இருக்கும் இடத்தில், இரு விரல்களை அளவுகோலைத் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் கைவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தீர்கள் என்பதிலிருந்து உங்கள் எதிர்வினை நேரத்தைக் கணக்கிடலாம்.

நான்காம் படிவ மாணவர்களுக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும் சோதித்து வரச் சொன்னேன். ஒரு மாணவி 17 சென்டிமீட்டரில் பிடித்திருந்தாள். அவளுடைய தாத்தா 24 சென்டிமீட்டரில் பிடித்திருந்தார். தாத்தாவுக்கு 66 வயது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து பிறைக்குக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். பெரும்பாலும் இரவு ஓட்டம்.

"டீச்சர், அப்படியென்றால் தாத்தா இனிமேல் லோரி ஓட்டக் கூடாதா?" என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். 17 சென்டிமீட்டர் என்றால் 0.19 வினாடி. 24 சென்டிமீட்டர் என்றால் 0.22 வினாடி. இடைவெளி 0.035 வினாடிதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆக, பேத்திக்கும் தாத்தாவுக்கும் உள்ள வித்தியாசம் சாலையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. முன்னால் போகும் வண்டிக்கு ஒரே ஒரு வினாடி கூடுதல் இடைவெளி விட்டால் 22 மீட்டர் கிடைத்துவிடும்.

வகுப்பில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் பாடம் அதோடு முடியவில்லை. உங்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அளவுகோலைப் பிடிப்பது எளிய வேலை. எது விழும், எங்கே விழும் என்பது முன்பே தெரியும். சாலையில் அப்படியில்லை. மழை பெய்கிறது, எதிரே விளக்கு கண்ணைக் கூசுகிறது, இடப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிறது. பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், முடிவெடுக்க வேண்டும், பிறகுதான் கால் பிரேக்கை மிதிக்கும். இதற்கு ஒன்றரை வினாடி ஆனாலே வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். இப்படிப் பல செய்திகள் ஒன்றாக வரும்போதுதான் வயதின் சுமை கூடுகிறது.

கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறக் கண்மணித் துளை சிறுத்துவிடும். வில்லை மஞ்சள் படியும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கூசிய கண் மீண்டும் இருட்டுக்குப் பழகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில் தெரியும்.

அடுத்தது தூக்கம். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை அது 'தூங்கு' என்றே சொல்லும், எந்த வயதாக இருந்தாலும். மூத்தவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறைந்துவிடுவதால், பகலில் படுத்து இரவுக் கடனை அடைப்பது இன்னும் கடினம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020 முதல் நம் நாட்டில் வாகனமோட்டிக்கு அனுமதிக்கப்படும் மதுவின் உச்ச வரம்பும் அதே அளவுதான். மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. தூக்கமின்மைக்கு அப்படி ஒரு கருவி சாலைத் தடுப்பில் இல்லை. மூன்று வினாடி கண் அயர்ந்தால் அந்த லோரி 66 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது.

அப்படியானால் 60 வயதோடு நிறுத்திவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியல்ல என்பது என் கருத்து.

1984இல் திமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை ஆராய்ந்தார். மூத்தவர்களின் விரல்கள் மெதுவாகத்தான் இயங்கின. ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. காரணம், அவர்கள் தாளில் இன்னும் சில எழுத்துகள் தள்ளி முன்கூட்டியே படித்துக்கொண்டிருந்தார்கள். விரல் இழந்ததைக் கண் ஈடுகட்டியது.

மூத்த லோரி ஓட்டுநர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஈப்போவைத் தாண்டி வடக்கே போகும்போது மெனோரா சுரங்கப்பாதைப் பகுதியில் நீண்ட ஏற்ற இறக்கங்கள் உண்டு. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 39 மில்லியன் ஜூல் ஆற்றல் வெளிப்படும். 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அத்தனையையும் பிரேக்கிலேயே இறக்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அனுபவசாலி உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சினின் எதிர்ப்பால் வண்டியை அடக்கிக் கொண்டுவருவார். அவருக்கு வேகமான கால் தேவைப்படுவதே அபூர்வம். ஆபத்து வருவதற்கு முன்பே அவர் அதற்கு வழிவிட்டிருப்பார்.

ஆனால் இந்த ஈடுகட்டலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவருக்கு நேரம் வேண்டும். மெதுவாகப் போக, இடைவெளி விட, கண் சொருகும்போது ஓய்வுத் தளத்தில் நிறுத்திப் படுக்க, 'இன்று இரவு வேண்டாம், காலையில் போகிறேன்' என்று சொல்ல அவருக்கு உரிமை வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறையில் அந்த உரிமை பறிபோகிறது. நின்றால் காசு போகும். மறுத்தால் அடுத்த நடை வேறொருவருக்குப் போகும். முதுமை தருகிற அனுபவத்தைக் கூலிமுறை பிடுங்கிக்கொண்டு, முதுமையின் பலவீனத்தை மட்டும் அவரிடம் விட்டுவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அவர் ஏன் இன்னும் ஓட்டுகிறார் என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டில் 1 ஜூலை 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதைத் தாண்டி வேலை செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 60 வயதுக்குப் பிறகு முதலாளி இபிஎஃப்பில் கட்ட வேண்டிய குறைந்தபட்சப் பங்கு 4 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. சொக்சோவில் வேலையிடக் காயத்திற்கான பாதுகாப்பு தொடர்கிறது. நோயால் முடங்கிப்போனால் கிடைக்கும் உடல் இயலாமைப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. நோய் நெருங்கும் வயதில் குடை மடக்கப்படுகிறது. நடைக்கூலியில் காலமெல்லாம் ஓட்டி, சந்தா ஒழுங்காகக் கட்டப்படாமல் போனவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலர் ஆசைப்பட்டு ஓட்டவில்லை. வேறு வழியில்லாமல் ஓட்டுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். அறுபதைத் தாண்டிய ஓட்டுநருக்குப் பகல் ஓட்டம் முதலில் தரப்பட வேண்டும். அதிகாலை 2 முதல் 6 மணி வரை அவரை நெடுஞ்சாலையில் விடக் கூடாது. அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி மாதச் சம்பளமாக இருக்க வேண்டும். தொழில்முறை உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனை ரப்பர் முத்திரையோடு முடியக் கூடாது. இரவுப் பார்வை, கண் கூச்சம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், சர்க்கரை அளவு எல்லாம் பார்க்கப்பட வேண்டும். பரிசோதனையில் தவறுபவருக்கு ஏற்றி இறக்கும் தளத்திலோ, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலோ வேலை இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை எவரும் தம் கண் மங்குவதை மருத்துவரிடம் சொல்ல மாட்டார்.

இதனால் சரக்குக் கட்டணம் கூடும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். கூடலாம். இப்போது அந்தச் செலவை ஓட்டுநரின் உடம்பும், அவருக்கு முன்னால் காரில் போகும் குடும்பமும் சுமக்கின்றன.

உங்களால் முடிந்ததும் உண்டு. லோரியின் முன்னால் வெட்டி நுழையாதீர்கள். அவர் விட்டுவைத்த இடைவெளி காலியிடமல்ல, அவருடைய எதிர்வினை நேரம் அது. உங்கள் வீட்டில் ஓட்டுநர் இருந்தால் அவருடைய குறட்டையைக் கேலி செய்யாதீர்கள். பலத்த குறட்டையும், நடுவே மூச்சு நின்று திணறுவதும், பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் ஓட்டினால் தலைசுற்றி மயக்கம் வரலாம். அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: "தாத்தாவின் வயது என்ன என்று கேட்காதே. எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேள்."

மறுவாரம் அவள் வந்து சொன்னாள்: "கேட்டேன் டீச்சர். நாலு மணி நேரம்தான் தூங்கினாராம். இதுவரைக்கும் யாருமே இதைக் கேட்டதில்லை என்று சொன்னார்."