கடாரம் காணாதார்

இராசேந்திர சோழனைக் ‘கடாரம் கொண்டான்’ என்று முழங்காத தமிழ் விழா இந்நாட்டில் அரிது. பண்டமாரானிலும் கிள்ளானிலும் அதனைக் கேட்டுக் கைதட்டுவோர் பலர். கடாரத்தைக் கண்டு வந்தோர் மிகச் சிலர். விடுமுறை வந்தால் பள்ளிப் பேருந்து மலாக்காவுக்கே புறப்படுகிறது. போர்த்துகீசியர் கோட்டை வாயிலின் முன்பும் ஒல்லாந்தரின் செந்நிற மாளிகையின் முன்பும் படம் எடுத்துக்கொள்கின்றனர். அவற்றைப் பார்ப்பது தவறன்று. வரலாறு அங்கேதான் தொடங்கிற்று என்று மாணவரை நம்பவிடுவதே தவறு.

தொலைவு, செலவு என்று சாக்குச் சொல்வர். கிள்ளானில் தொடர்வண்டி ஏறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் மாறினால் சுங்கைப் பட்டாணியில் இறங்கலாம். அங்கிருந்து பூஜாங் பள்ளத்தாக்கின் மெர்போக்கிற்கு வாடகை வண்டி போதும். ஆசிரியர் ஒருவர் கட்டுச்சோற்றோடு தனியே சென்றுவரலாம். தனியே செல்பவர்தாம் கல்லின் முன் நின்று பார்ப்பர்; கூட்டத்தோடு செல்வோர் உணவுக்கடையைத் தேடுவர்!

1936-37இல் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்து, 1960இல் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயில் அங்கே உள்ளது. கூரை இல்லை, தூண்களைத் தாங்கிய கற்பீடங்கள் இருக்கின்றன. அப்பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்களும் சைவச் சின்னங்களும் கிடைத்துள்ளன. அவற்றுள் சில, சோழர் கடற்படை வந்த 1025க்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அனைத்தும் சோழன் கட்டியவை என்று வகுப்பில் உரைப்போர், அருங்காட்சியகத்தை ஒருமுறை சுற்றியிருந்தால் அவ்வாறு உரைத்திரார்.

2013இல் அங்கிருந்த 11ஆம் எண் கோயிலை, நிலத்தை மேம்படுத்த வந்தோர் இடித்துத் தரைமட்டமாக்கினர். கண்டனங்கள் எழுந்தன. கண்டித்தோர் பலருக்கு, அப்படியொரு கோயில் இருந்ததே அது இடிந்த பிறகுதான் தெரியும்.