46 நாளும் 40 ஆண்டும்

சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் போதும். கொழும்பு கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். இது கட்டுக்கதை அல்ல. நம் தாத்தா, பாட்டி காலத்தில் அன்றாடம் நடந்தது.

1914-ம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. பிரயாணிகள் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறினார்கள். இருபது மைல் சொச்சம் கடல். அக்கரையில் இன்னொரு ரயில் காத்து நின்றது. "போட் மெயில்" என்ற பெயர் வந்தது இதனால்தான்.

வியாபாரிகள் அந்த வழியில் போனார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைகள், மண்டபம் முகாமில் தங்கி, கப்பல் ஏறினார்கள். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இங்கு திரும்பியவர்களையும் இந்தக் கடல்வழிதான் கொண்டுவந்து சேர்த்தது.

அதே 1964 டிசம்பரில் புயல் வீசியது. தனுஷ்கோடி அழிந்தது. பிரயாணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டு போயிற்று. பாம்பன் பாலம் உடைந்தது. ஆனால் நம் என்ஜினீயர்களும் தொழிலாளர்களும் 46 நாட்களில் அதைச் செப்பனிட்டார்கள். கப்பல் ராமேசுவரத்தில் இருந்து ஓடியது.

பிறகு இலங்கையில் போர் மூண்டது. 1980-களில் கப்பல் நின்றது. தலைமன்னார் ரயிலும் 1990-ல் நின்றது.

புயல் உடைத்த பாலத்துக்கு 46 நாள். மனிதர்கள் அறுத்த வழிக்கோ, 40 ஆண்டுகள் போதவில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் நம் பக்கம் மீட்டர் கேஜ். இலங்கையில் அகலப் பாதை. தண்டவாளம் வேறு, டிக்கெட் ஒன்று. ராமேசுவரம் பாதை 2007-ல் அகலமாக்கப்பட்டது. தலைமன்னார் ரயில், இந்தியாவின் உதவியோடு 2015-ல் மீண்டும் ஓடியது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டது. இன்று இரு கரையிலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றே. அந்த ஒரே டிக்கெட்டைத்தான் காணோம்!

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2011 ஜூனில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள். மழைக்காலம் வந்தது, சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. மழையில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி புறப்பட்டது. இப்படி விட்டு விட்டு ஓடும் கப்பலை நம்பி யார் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்? எந்த வியாபாரி சரக்கு அனுப்புவார்?

கடலுக்கு மேல் பாலமே கட்டலாம் என்ற யோசனையும் இருக்கிறது. 2023-ல் இரு அரசாங்கங்களும், தரைவழி இணைப்பு சாத்தியமா என்று ஆராய ஒப்புக்கொண்டன. நல்லதுதான். ஆனால் பாலத்துக்குப் பணமும் இரும்பும் மட்டும் போதாது. பெரிய நாட்டோடு ஒட்டிக்கொண்டால் நம் தனித்தன்மை என்னாகும் என்று இலங்கையில் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் கேலி செய்யக்கூடாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் உள்ளன. அங்கே மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் உள்ளன. அவர்களைக் கேட்காமல் ஒரு தூண்கூட நடக்கூடாது.

இங்கிலாந்தும் பிரான்சும் பல நூற்றாண்டுகள் சண்டையிட்ட நாடுகள். இன்று கடலுக்கு அடியில் சுரங்க ரயில் விட்டிருக்கின்றன. 1975-ல் இங்கிலாந்து செலவுக்குப் பயந்து அந்த வேலையைக் கைவிட்டது. 1986-ல் இரு நாடுகளும் முதலில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகே மண்ணைத் தோண்டின. 1994-ல் ரயில் ஓடியது. முதலில் நம்பிக்கை, பிறகு சுரங்கம்!

நாமும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ராமேசுவரம்-தலைமன்னார் கப்பலை விரைவில் விட ஆவன செய்வதாக 2024 டிசம்பரில் இரு அரசாங்கங்களும் அறிவித்தன. அதை நிறைவேற்ற வேண்டும். கப்பல் ஓடும் மாதங்களையும் ஓடாத மாதங்களையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கட்டணம் ஏழைக்கு எட்ட வேண்டும். ஆரம்பத்தில் நஷ்டம் வந்தால், அரசாங்கங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். ரோடு போட்ட மறுநாளே லாபக் கணக்குப் பார்க்கிறோமா?

போரில் பிரிந்த குடும்பங்கள் இரு கரையிலும் இருக்கின்றன. அங்கே அக்காள், இங்கே தம்பி. அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. பாலம் வரும்போது வரட்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கப்பல் ஒழுங்காக ஓடட்டும்!