பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் பாடத்துக்குப் பொருந்தும் மென்பொருள் பதிப்புகளை அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் சங்கம்,
செம்பரம்பாக்கம், பூந்தமல்லி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் – மேட்பிளாட்லிப் நிறுவுவதில் பதிப்புப் பொருத்தமின்மை – தீர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை, திருமழிசை பகுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். பாடநூலின் கடைசி அத்தியாயம், பைத்தானுக்கான மேட்பிளாட்லிப் நூலகத்திலுள்ள பைபிளாட் கொண்டு கோட்டு, பட்டை, வட்ட வரைபடங்களை வரையக் கற்றுத்தருகிறது. முதலில் நிறுவல் கருவியான பிப்பைப் புதுப்பித்து, பிறகு மேட்பிளாட்லிப்பை நிறுவச் சொல்கிறது. எந்தப் பதிப்பு என்று அதில் இல்லை. 2019இல் நூல் வந்தபோது அது போதுமானதாக இருந்தது. இன்று பல வீடுகளில் பாடம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

நம் மாவட்டத்துக் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினியில்தான் இங்கே சில பிள்ளைகள் இன்னும் பழகுகிறார்கள். தொடக்க காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்ற இரு இயங்குதளங்களும் இருந்தன. பைத்தான் 3.9 முதல் எந்தப் பதிப்பும் விண்டோஸ் 7இல் ஓடாது. 3.8தான் கடைசி, அதற்கும் சர்வீஸ் பேக் 1 வேண்டும். அதை நிறுவிய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. பைத்தான் 3.8க்கு மேட்பிளாட்லிப் 3.7 வரிசை வரையே பொருந்தும், மேட்பிளாட்லிப் 3.8க்குப் பைத்தான் 3.9 வேண்டும். எண்கள் ஒன்றுபோல் இருப்பதால் பிள்ளைகள் மேலும் குழம்புகிறார்கள். பொருந்தும் பதிப்பைப் பிப் தானே தேர்ந்தெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பைத்தானோடு வந்த, 9.0க்கு முந்தைய பிப்புக்கு அந்த வசதி கிடையாது.

புதுக் கணினி வாங்கியவர்களுக்கு வேறு தொல்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வெளியாகிறது. காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு பிள்ளைகள் அதைத்தான் இறக்குகிறார்கள். அதற்கென ஆயத்தமாகத் தொகுத்த கோப்பு இன்னும் வந்திராத நூலகமானால், பிப் மூலநிரலிலிருந்து தானே தொகுக்க முயன்று, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் வேண்டும் என்று கேட்டு நின்றுவிடும். வரிவரியாகப் பிழைச்செய்தி ஓடுவதைக் கண்ட பிள்ளை, தனக்குக் கணினியே வராது என்று முடிவுகட்டிக்கொள்கிறது. எங்களை மிகவும் வருத்துவது இதுதான். கணினி மையத்தில் பணம் கொடுத்து விண்டோஸையே அழித்து மாற்றியவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது சரியான ஒரு பதிப்பு எண் மட்டுமே.

ஆகவே, விண்டோஸ் 7, 10, 11, பாஸ் லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பைத்தான், எந்த மேட்பிளாட்லிப், அதற்குத் தேவையான எந்த நம்பை என்று சோதித்துப் பார்த்து, ஒரு பக்க அட்டவணையாக எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். 32 பிட், 64 பிட் வேறுபாடும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கோப்புகளை ஒருமுறை இறக்கி பென் டிரைவில் பள்ளிக்குக் கொடுத்துவிட்டால், இணையம் இல்லாமலே பிப் அவற்றிலிருந்து நிறுவிக்கொள்ளும். செல்போன் டேட்டாவை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பேருதவி. பிழைச்செய்தியைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் தேவை. பாடநூலின் அடுத்த அச்சில் நிறுவல் கட்டளையோடு பதிப்பு எண்ணும் சேரும்படி உரிய துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

இவற்றில் அட்டவணைக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. மற்றவை தாமதமானாலும், அதையாவது அரையாண்டுத் தேர்வுக்கு முன் வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: செம்பரம்பாக்கம்