செகண்ட் ஹேண்ட் 'புல்லட்' வாங்க போறீங்களா? வரி குறைப்புக்கு பிறகு கணக்கே வேற!

சேலம்:

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை, முடிந்தால் ஒரு தடவை லடாக் வரை போய் வர வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. புது வண்டிக்கு பணம் பத்தாது, பழசு ஒன்று பார்க்கலாம் என்று கன்சல்டிங் கடை பக்கம் போகும் இளைஞர்கள் நம் ஊரில் ஏராளம். கொலுசு பட்டறை வேலை, லாரி பாடி கட்டும் வேலை, டெலிவரி வேலை பார்த்து காசு சேர்த்தவர்கள் தான் இதில் அதிகம்.

பழசு வாங்கினால் லாபம் என்பது தான் எல்லோரும் போடும் கணக்கு. அந்த கணக்கு இப்போது மாறிப்போச்சு.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாற்றம் அமலுக்கு வந்தது. 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதம் ஆனது. 350 சி.சி.க்கு மேல் போனால் நிலைமை தலைகீழ். 28 சதவீத வரி, 3 சதவீத செஸ் என மொத்தம் 31 சதவீதமாக இருந்தது ஒரேயடியாக 40 சதவீதம் ஆகிவிட்டது.

இதில் பழைய வண்டிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

வரி குறைப்புக்கு முன்பு ஷோரூமில் ரூ.2 லட்சம் விலை இருந்த 350 சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரி குறைந்ததும் அதன் விலை ரூ.1 லட்சத்து 84 ஆயிரத்து சொச்சத்துக்கு வந்துவிடும். ஷோரூம் விலை இறங்கினால் அதன் மேல் கட்டும் ஆயுட்கால வரியும் இறங்கும். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு நவம்பரில் இந்த வரி உயர்ந்தபோது ரூ.1 லட்சத்துக்கு மேல் உள்ள பைக்குகளுக்கு 12 சதவீதம் ஆனது. எல்லாம் சேர்த்தால் புது வண்டியில் சுமார் ரூ.17 ஆயிரம் மிச்சம்.

ஆனால் பழைய வண்டி விற்கிறவர் என்ன சொல்கிறார்? "நான் எடுக்கும்போது ஆன்ரோடு இவ்வளவு ஆச்சுங்க" என்று பழைய பில்லை காட்டுகிறார். பேரம் அந்த பில்லில் இருந்து ஆரம்பிக்கிறது. அங்கேயே நாம் தோற்றுப்போகிறோம்.

அவர் அன்றைக்கு கொடுத்த 28 சதவீத வரி அவருக்கு நஷ்டம் தான். பாவம் தான். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நேராக ஷோரூமுக்கு போய் அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதில் இருந்து பேரத்தை ஆரம்பிக்க வேண்டும். கிளாசிக், மீட்டியார், ஹன்டர், புல்லட் என்று 350 என்ற பெயரில் ஓடும் வண்டிகள் எல்லாம் உண்மையில் 349 சி.சி. தான். எனவே வரி குறைப்பு இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2 வருடம் ஓடிய வண்டிக்கும் புதுசுக்கும் ரூ.30 ஆயிரம், ரூ.40 ஆயிரம் தான் வித்தியாசம் என்றால் புதுசே மேல் என்பது நமது கருத்து. பழைய வண்டி கடனுக்கு பைனான்சில் போடும் வட்டி, புது வண்டி வட்டியை விட அதிகம். தவணை முடியும்போது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வட்டியிலேயே போய்விடும்.

ஹிமாலயன் ஆசை

350 சி.சி.க்கு மேல் உள்ள பழைய வண்டிகளில் கதை வேறு. டோமினார் 400 (373 சி.சி.), கே.டி.எம். 390, ராயல் என்பீல்டு ஹிமாலயன் எல்லாம் இந்த ரகம். ரூ.3 லட்சம் இருந்த புது வண்டிக்கு கூடுதல் வரியை அப்படியே ஏற்றினால் சுமார் ரூ.20 ஆயிரம் கூடும். அதனால் இந்த ரகத்தில் பழைய வண்டி விற்கிறவர்கள் விலையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

பழைய ஹிமாலயன் 2016-ம் ஆண்டு வந்தது. 411 சி.சி. என்ஜின், 15 லிட்டர் டேங்க், முன்பக்கம் 21 அங்குல சக்கரம். 2023-ம் ஆண்டு நவம்பரில் 452 சி.சி. என்ஜினுடன் புது ஹிமாலயன் வந்ததும் இதற்கு வழிவிட்டது. எனவே 411 வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்டில் தான் தேட வேண்டும். மலைப்பாதைக்கு நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஆனால் எடை 199 கிலோ. தினமும் இதிலேயே வேலைக்கு போய், பழைய பஸ் நிலையம் நெரிசலில் முதல் கியரில் உருட்டிப் பாருங்கள், ஆசை பாதி அடங்கிவிடும்.

இன்சூரன்சும் இடிக்கும். 2022-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு ரூ.1,366. 350-ஐ தாண்டினால் ரூ.2,804. இரண்டு மடங்குக்கும் மேல். வருடத்துக்கு இரண்டு டூர் போகிறவர் இந்த செலவை எல்லாம் வருடம் பூரா சுமக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

எந்த வருட வண்டி?

2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேல் உள்ள எல்லா பைக்குகளுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியில் அது இல்லாமல் இருக்கலாம். மலையில் இறங்குகிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விலை குறைவு என்று இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-ம் ஆண்டு ஏப்ரலுக்கு பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இதை தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்றும், 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்றும் மத்திய அரசே 2025-ம் ஆண்டு விளக்கம் கொடுத்தது. வண்டி ஓடாது என்று பயப்பட வேண்டாம். அந்த செலவை விலையில் கழித்து கேளுங்கள்.

இன்னொன்று. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியார், கிளாசிக், புல்லட் வண்டிகளில் இக்னிஷன் காயில் கோளாறுக்காக ராயல் என்பீல்டு 2021-ம் ஆண்டு மே மாதம் 2 லட்சத்து 36 ஆயிரத்து 966 வண்டிகளை திரும்ப அழைத்தது. இந்தியாவுடன் சில வெளிநாடுகளில் விற்றதும் இதில் அடக்கம். அந்த மாத வண்டி கைக்கு வந்தால், சர்வீஸ் சென்டரில் சேஸ் நம்பரை சொல்லி காயில் சரிபார்த்தாச்சா என்று கேட்டுவிடலாம்.

டயர் பொய் சொல்லாது

மீட்டரில் 9 ஆயிரம் கிலோ மீட்டர் காட்டும். நம்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரான டயர். வண்டி 2021 மாடல், டயர் 2024 என்றால் டயர் ஏற்கனவே ஒரு முறை மாறியிருக்கிறது. 9 ஆயிரம் கிலோ மீட்டரில் டயர் ஏன் மாறியது என்று கேளுங்கள். விற்கிறவர் முகத்தை பாருங்கள்.

வண்டி பார்க்க காலையிலேயே போங்கள். என்ஜின் சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, என்ஜின் வேலை காத்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாக இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன்செட் போயிருக்கிறது. முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா, கிராஷ் கார்டு ஒருபக்கம் மட்டும் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டூர் போன வண்டி ஒருமுறையாவது விழுந்திருக்கும். அது தப்பில்லை. சேஸ் வளைந்திருந்தால் தான் தப்பு. உங்கள் மெக்கானிக்குக்கு அரைநாள் கூலி கொடுத்து கூட்டிப்போவதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

'ஓப்பன் ஆர்.சி.' உஷார்

வண்டியை விட முக்கியம் பேப்பர். 29, 30-ம் நம்பர் படிவங்களில் முதல் ஓனர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமலேயே கை மாற்றி கை மாற்றி விடுவது நம் பக்கம் சர்வசாதாரணம். இதைத்தான் 'ஓப்பன் ஆர்.சி.' என்கிறார்கள். இப்படி வரும் வண்டி விலை குறைவாகத்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பல கை மாறியும் ஆர்.சி.யில் பழைய பெயரே இருந்த ஒரு கார் விபத்து வழக்கில், பதிவில் பெயர் உள்ளவர் தான் ஓனர், நஷ்டஈடு பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது குறிப்பிடத்தக்கது.

அப்போ விற்றவருக்கு தானே ஆபத்து, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால், வண்டி நொறுங்கினாலும் திருடு போனாலும் உங்களுக்கு கிளைம் கிடைப்பது கஷ்டம். அதை மாற்ற 14 நாள் தான் கெடு. பழைய ஓனரின் 'நோ கிளைம் போனஸ்' சலுகையும் வண்டியோடு வராது, அது அவருக்கே சொந்தம். முதல் ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகளை தேடி கையெழுத்துக்கு அலைய வேண்டும். திருட்டு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். தெரிந்தே வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில்.

கடனில் எடுத்த வண்டி என்றால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லா சான்றும், 35-ம் நம்பர் படிவமும் கைக்கு வந்த பிறகு தான் முழுப்பணம் கொடுக்க வேண்டும். சீசிங் வண்டிக்கும் இதே தான். பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரை போட்டு கடன், இன்சூரன்ஸ், போலீஸ் அபராத பாக்கி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கன்சல்டிங் கடையில் வாங்கினால், ஆர்.டி.ஓ. அங்கீகார சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பழைய வண்டி டீலர்களுக்கு இதை கட்டாயமாக்கும் விதி 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது.

கர்நாடகா, புதுச்சேரி நம்பர் வண்டிகள் இன்னும் மலிவாக கண்ணில் படும். ஆனால் அங்கே இருந்து தடையில்லா சான்று வாங்கி, இங்கே மறுபடியும் ஆயுட்கால வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு தெரிந்துகொண்டு, அதற்கு பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அட்வான்ஸ் தொகையையும், பெயர் மாற்றம் எந்த தேதிக்குள் முடியும் என்பதையும் ரசீதில் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.